வீட்டோடு ஆள், சிறு இல்லம், பெரிய வளாகம்: முதியவர் பராமரிப்பில் எது எங்கே கைவிடுகிறது?

பராமரிப்பு இல்லம் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் காலை 11 மணி வாக்கில் போகிறார்கள். அந்த நேரத்தில் எந்த இடமும் நன்றாகத்தான் இருக்கும். எல்லோரும் குளித்து உடுத்தியிருப்பார்கள், பகல் ஷிஃப்ட் ஆட்கள் குறைவில்லாமல் இருப்பார்கள், மேலாளரும் இருப்பார். குடும்பங்கள் பிற்பாடு வருந்துவதெல்லாம் இரவு 2 மணிக்கு நடந்ததைப் பற்றி, ஞாயிறு மாலையைப் பற்றி, ஷிஃப்ட் மாறும் அந்த அரை மணி நேரத்தைப் பற்றி. வீட்டோடு ஆள் வைப்பது, எட்டுப் பத்துப் பேர் தங்கும் சிறு இல்லம், நூறு பேர் தங்கும் பெரிய வளாகம் ஆகிய மூன்றையும் இந்த நேரங்களை வைத்தே எடை போட வேண்டும்.

அதற்கு முன் தேவையை எழுதிக்கொள்ளுங்கள். எந்தெந்த அன்றாட வேலைக்கு உதவி வேண்டும் என்று பார்க்க, சிட்னி காட்ஸ் என்ற மருத்துவர் 1963-ல் வெளியிட்ட அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலம் அடக்குவது, சாப்பிடுவது என்று ஆறு வேலைகள். பொதுவாகக் குளியலில்தான் முதலில் உதவி தேவைப்படும். தானே சாப்பிடும் திறன் கடைசியாகப் போகும். இந்த ஆறோடு இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும்: இரவில் எத்தனை முறை எழுகிறார்? தூக்கி மாற்ற ஒருவர் போதுமா, இருவர் வேண்டுமா? இடத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த இரண்டு பதில்கள்தான். ஒரு வாரம் பக்கத்தில் இருந்து குறித்துவிட்டுச் சொல்லுங்கள். "ராத்திரி ஒண்ணு ரெண்டு தடவை எழுவார்" என்று உத்தேசமாகச் சொன்ன பல வீடுகளில், குறித்துப் பார்த்தால் நான்கு ஐந்து இருக்கிறது.

வீட்டோடு ஆள் வைப்பதில் கணக்கே முதல் சிக்கல். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 48 மணி நேரம் வேலை செய்தால், ஓர் ஆள் எப்போதும் விழித்திருக்க மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்பையும் சேர்த்தால் நான்கு. "24 மணி நேர ஆள்" என்று ஏஜென்சி அனுப்புவது ஒரே ஒருவரை. அவரும் தூங்கியாக வேண்டும். முதியவர் இரவில் ஒருமுறை எழுந்தால் சமாளிக்கலாம். நான்கு முறை எழுந்தால் இரண்டு வாரத்தில் அந்த ஆள் ஓய்ந்துவிடுவார். அடுத்து நடப்பது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: நடந்து கழிப்பறை போகக்கூடியவருக்கு இரவு டயப்பர் கட்டப்படும். பிறகு பகலிலும். நடை குறையும், தொடைத் தசை மெலியும், எழ முயலும்போது விழுவார். விழுந்த பிறகு பயத்திலேயே எழமாட்டார். டயப்பர் எப்போது, யார் சொல்லி, எந்தக் காரணத்துக்காகத் தொடங்கியது என்பதைக் குடும்பம் கட்டாயம் கேட்க வேண்டும். உதவியாளரைக் குறை சொல்வதற்காக அல்ல. தனி இரவு ஆள் தேவை என்பதற்கான முதல் அடையாளம் அது.

மனம் தெளிவாக இருந்து, இரவில் தூங்கி, ஒருவர் கைப்பிடியில் எழுந்து நடப்பவருக்கு வீடுதான் நல்லது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. பழகிய கழிப்பறை, பழகிய வெளிச்சம், கூப்பிட்டவுடன் ஆள். ஏஜென்சியிடம் கேட்க வேண்டியது, ஆள் வராவிட்டால் எத்தனை மணி நேரத்தில் மாற்று வரும், புதியவர் பழையவரோடு ஒரு முழு நாள் சேர்ந்து இருப்பாரா என்பதுதான். அந்த ஒரு நாள் இல்லாவிட்டால், பக்கவாதத்தில் பலவீனமான கையைப் பிடித்து இழுத்துத் தூக்கித் தோள்மூட்டைக் கெடுத்துவிடுவார் புதியவர்.

சிறு இல்லத்தின் பலம், அதே கைகள் தினமும் தொடுவது. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் டுபெலோ நகரில் 2003-ல் தொடங்கிய 'கிரீன் ஹவுஸ்' வீடுகள் இந்த எண்ணத்தில்தான் எழுந்தன: ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர், சமைப்பவரே குளிப்பாட்டுவார், பேச்சுத்துணையும் அவரே. தினமும் பார்க்கிறவர்தான் "இன்றைக்கு ஏதோ சரியில்லை" என்று சொல்ல முடியும். முதுமையில் தொற்று பல நேரம் காய்ச்சலோடு வருவதில்லை. திடீர்க் குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம், சாப்பாட்டை ஒதுக்குதல் என்றுதான் தலைகாட்டும். நேற்று எப்படி இருந்தார் என்று தெரியாதவர் இதை "வயசாச்சு" என்று விட்டுவிடுவார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வீடுகளுக்குப் பின்னால் ஒரு நர்ஸ் குழு இருந்தது. நர்ஸ் யாருமில்லாமல், உரிமையாளரின் நல்ல மனசை மட்டும் நம்பி நடக்கும் இல்லம் வேறு வகை. அங்கே பகலில் இருவர், இரவில் ஒருவர் என்பதுதான் வழக்கமான ஏற்பாடு. கேட்க வேண்டிய கேள்வி: இரவில் ஒருவர் கீழே விழுந்தால் இரண்டாவது கை யாருடையது, எத்தனை நிமிடத்தில் வரும்? "நாங்க பாத்துப்போம்" என்பது பதில் ஆகாது. தூக்க இருவர் தேவைப்படுபவரையும், இன்சுலின் போடுபவரையும், கதீட்டர் (சிறுநீர் வெளியேற்றும் குழாய்) அல்லது உணவு செலுத்தும் குழாய் பொருத்தியவரையும் இப்படிப்பட்ட இடத்தில் விடக்கூடாது. நடமாட்டம் நன்றாக இருந்து மறதிநோய் உள்ளவருக்கு, அதிலும் அந்தி சாயும்போது தவிப்பு கூடுகிறவருக்கு, மூன்றிலும் பொருத்தமானது நல்ல சிறு இல்லமே. ஆள் முகங்கள் மாறாமல் இருப்பதே அவருக்குப் பாதி மருந்து.

பெரிய வளாகத்தில் நர்ஸ் இருப்பார், தூக்கும் கருவி இருக்கும், மருந்துப் பதிவேடு இருக்கும், பிசியோதெரபி இருக்கும். அங்கே கைவிடுவது நேரமும் தொடர்ச்சியும். அழைப்பு மணி அடித்தால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார் என்பதைப் பல இடங்களில் கருவியே பதிவு செய்கிறது. போன மாதத்து இரவுப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். கழிப்பறைக்காக மணி அடித்து இருபது நிமிடம் காத்திருக்கும் ஒருவர் தானே எழுந்து போகப் பார்ப்பார். மணி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். இடது கை வராதவருக்கு இடது பக்கச் சுவரில் மணி இருந்தால் அது இல்லாததற்குச் சமம். தண்ணீர்க் குவளை, மூக்குக்கண்ணாடி, வாக்கர் மூன்றும் கை எட்டும் தூரத்தில் இருக்கின்றனவா? பல்செட் வாயில் இருக்கிறதா, டப்பாவிலா? இந்தச் சின்ன விஷயங்களில் இடத்தின் குணம் அப்படியே தெரிந்துவிடும்.

மருந்து விஷயத்தில் மூன்றும் மூன்று விதமாகத் தவறுகின்றன. பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா மாத்திரை குறித்த நேரத்துக்குப் போயாக வேண்டும். தாமதமானால் உடல் இறுகி, நடையும் விழுங்குவதும்கூடச் சிரமமாகும். வளாகத்தில் ஒரு நர்ஸ் நாற்பது அறைக்கு மருந்து கொண்டுபோகும்போது முதல் கதவுக்கும் கடைசிக் கதவுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழலாம். "நேரம் தவறக்கூடாத மருந்து" என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள். வரிசையிலிருந்து தனியாக எடுத்துக் கொடுப்பார்கள். வீட்டில் நேரம் சரியாக இருக்கும், சரிபார்க்க இன்னொருவர் இருக்க மாட்டார். மருத்துவர் அளவை மாற்றிய பிறகும் பழைய மாத்திரை அட்டை அலமாரியில் கிடந்து, இரண்டும் சேர்ந்து போகும். நிறுத்திய மருந்தை அன்றே வீட்டை விட்டு அகற்றுங்கள். சிறு இல்லத்தில் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போடுகிறார்கள். போடுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர் என்றிருக்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுபவருக்கு எல்லாவற்றையும் பொடித்து உணவில் கலப்பது இன்னொரு பெரிய ஆபத்து. மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடித்தால் முழு டோஸும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும்.

படுக்கைப் புண் எந்த இடத்திலும் வரும். வால் எலும்பு, குதிகால், இடுப்பு எலும்பு ஆகிய மூன்றையும் நீங்கள் போகும்போதெல்லாம் துணியை விலக்கிப் பாருங்கள், கூச்சம் வேண்டாம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் முதல் நிலை தொடங்கிவிட்டது. கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாக, கெட்டியாக, இன்னும் கருத்து இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவதுதான் பழக்கத்திலுள்ள விதி. புரட்டிய நேரம் எழுதும் தாளைப் பாருங்கள். 10, 12, 2, 4 என்று ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், நிமிடம் பிசகாமல் இருந்தால் அது ஷிஃப்ட் முடிவில் உட்கார்ந்து எழுதியது. உண்மையான தாளில் 10.20, 12.05, 2.35 என்றுதான் இருக்கும்.

எடைக் குறிப்பேடும் அதே அளவு முக்கியம். ஒரு மாதத்தில் 5 சதவீதம், ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்தால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். 60 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் 57 ஆனால் அது "கொஞ்சம் இளைச்சிருக்கார்" என்று விடும் விஷயமில்லை. ஊட்டிவிட நேரமில்லாமல் தட்டை எடுத்துப்போகும் இடங்களில் இதுதான் முதலில் தெரியும்.

ஒப்பந்தத்தில், குறிப்பாக வளாகங்களில், ஒரு வலை இருக்கிறது. பராமரிப்பு நிலை ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்டணம் ஏறும். நிலையை மதிப்பிடுபவரும் பணம் வாங்குபவரும் ஒரே நிறுவனம். மதிப்பீட்டின்போது குடும்பத்தார் ஒருவர் உடன் இருக்கலாம் என்றும், உயர்த்துவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு என்றும் எழுதி வாங்குங்கள். எந்த நிலையில் "இனி இங்கே வைத்துக்கொள்ள முடியாது" என்பார்கள், மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கு அறைக் கட்டணம் உண்டா என்பவற்றையும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் ஒரு மாதத்தைச் சோதனைக் காலமாக வைத்து, நேரம் மாற்றி மாற்றிப் போங்கள்: ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது, ஒரு நாள் படுக்கப்போகும் நேரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. குறையை வாயால் சொல்வதோடு நிற்காமல் தேதி, நேரம், நடந்தது, கேட்கும் மாற்றம் என்று நான்கு வரி எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். குடும்பத்தில் ஒருவர் மட்டுமே பேசுங்கள். இரவு ஆளிடம் கோபத்தைக் காட்டினால் அவர் அடுத்த குறையை மறைப்பார். அதே புண் இரண்டாம் முறை வந்தாலோ, ஒரு விழுகையை மறுநாள் வரை சொல்லாமல் இருந்தாலோ, எழுதிக் கொடுத்தும் பதில் வராவிட்டாலோ, அடுத்த இடத்தைத் தேடத் தொடங்குங்கள். மாற்றும்போது மருந்துப் பட்டியலோடு ஒரு பக்கத் தாளும் போகட்டும்: எந்தப் பக்கம் பலவீனம், எந்தக் காதில் கேட்கும், இரவில் எத்தனை மணிக்கு எழுவார், எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.