மூன்று வருட டிடிடி பயிற்சி: 91-இல் கிடைத்த சந்தோஷமும் தீராத ஓர் எரிச்சலும்

போன வாரம் கல்லூரி நண்பன் ஒருவன் கேட்டிருந்தான்: "டேய், முதல்ல டெஸ்ட் எழுதிட்டு அப்புறம் கோட் எழுதுற பயிற்சிய இன்னும் பண்றியா? எங்க டீம்ல ஆறு பேரு இருக்காங்க. ஆரம்பிக்கச் சொல்லலாமா?" ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

அவன் கேட்ட பயிற்சிக்குப் பேர் டிடிடி (டெஸ்ட்-டிரிவன் டெவலப்மென்ட்). தோற்கும் ஒரு டெஸ்ட்டை எழுதினால் சிவப்பு, அது தேறும்படி கோட் எழுதினால் பச்சை, பிறகு கோடைத் துப்புரவு செய்வது ரீஃபேக்டர். இந்தச் சுற்றைச் செய்து பார்த்தவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். மூன்று வருடமாகச் சனிக்கிழமை காலையில் அரை மணி நேரம் ஒரே கணக்கைத்தான் செய்து வருகிறேன். எண்ணைக் கொடுத்தால் தமிழ்ச் சொல்லாகத் திருப்பித் தர வேண்டும். எழுதப் பைத்தான் மொழி, டெஸ்ட்களை ஓட்டப் பைடெஸ்ட், வேறொன்றும் இல்லை. அரை மணி முடிந்ததும் கோட் முழுவதையும் அழித்துவிடுவேன். பாட்டு கற்பவர்கள் சரளி வரிசையைத் தினமும் முதலிலிருந்து பாடுவதில்லையா, அது போலத்தான். நூறு தடவைக்கு மேல் ஆகிவிட்டது.

இந்தக் கணக்கு ஒரு வேலையில் பட்ட அடியிலிருந்து வந்தது. ஒரு கோயிலின் அன்னதான ரசீதுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். தொகையை எழுத்தாலும் அச்சிட வேண்டும். 501 ரூபாய் கொடுத்த ஒரு பெரியவர் ரசீதை வாங்கிப் பார்த்தார். "ஐநூறு ஒன்று" என்று இருந்தது. "என்ன தம்பி, ஐநூறு தனி, ஒண்ணு தனியா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அன்று முழுவதும் என்னை விடவில்லை. எங்களிடம் டெஸ்ட்டே இல்லாமல் இல்லை. 1, 10, 100, 500 எல்லாம் இருந்தன. கொடுப்பவர்களோ 101, 501, 1001 என்றுதானே கொடுக்கிறார்கள்! அந்த எண்களில் ஒன்றைக்கூட நாங்கள் சோதித்திருக்கவில்லை.

இந்தப் பயிற்சி எனக்குக் கொடுத்ததிலேயே பெரியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது 91.

முதல் இரண்டு வருடம் நான் போன வழி 1, 2, 3 என்று வரிசையாக. பத்தொன்பது வரை ஓர் அட்டவணை. அடுத்து 21. "இருபது" "இருபத்து" ஆக வேண்டும். ஆகவே கடைசி "து"வை எடுத்துவிட்டு "த்து" போடும் ஒரு வரி. எண்பது வரை பச்சை. 91 வந்ததும் சிவப்பு: தொண்ணூறொன்று. சரி, 90-க்கு மட்டும் ஒரு இஃப், அதாவது தனி நிபந்தனை. அப்புறம் 101 வரும், அங்கே நூறு "நூற்று" ஆக இன்னோர் இஃப். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்தன. ஒன்று பத்துகளைக் கையாளும் ஃபங்ஷனிலும் மற்றொன்று நூறுகளைக் கையாளும் ஃபங்ஷனிலும் இருந்ததால் ஒரு சனிக்கிழமைகூட அது என் கண்ணில் படவில்லை.

ஒரு நாள் அந்த ரசீது ஞாபகத்தில் 101-ஐ முதல் டெஸ்ட்டாக எழுதினேன். "நூற்றொன்று" என்று அப்படியே திருப்பி அனுப்பினேன், பச்சை. அடுத்து 21. இப்போது நூறு → நூற்று, இருபது → இருபத்து என்ற இரண்டும் திரையில் மேலும் கீழுமாக நின்றன. கடைசி எழுத்தின் மெய் இரட்டிக்கிறது, அவ்வளவுதான்! று இருந்தால் ற்று, து இருந்தால் த்து. இரண்டு வரிகளை ஒன்றாக்கினேன். பிறகு 91-ஐ எழுதி ஓட்டினால், ஒரு வரிகூடப் புதிதாக எழுதாமலே பச்சை. தொண்ணூற்றொன்று.

எழுதியவுடன் பச்சையாகும் டெஸ்ட்டை நம்பக்கூடாது என்பது பாடம். அதனால் இரட்டிக்கும் வரியை வேண்டுமென்றே கெடுத்து, சிவப்பு வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. திரும்பச் சரிசெய்தேன். அன்றைக்கே 1001-ஐயும் எழுதினேன்; ஆயிரம் ஆயிரத்து ஆகிறது. அதன் பின் 901, அதுவும் தானாகவே பச்சை: தொள்ளாயிரத்தொன்று. 90 பார்ப்பதற்குப் பத்துகளின் வரிசையில் நிற்கிறது, நடப்பதோ நூறின் குடும்பத்தில். 900 நூறுகளின் வரிசையில் நிற்கிறது, நடப்பது ஆயிரத்தின் குடும்பத்தில். பேரில் இருப்பதுதானே, தொண்ணூறு, தொள்ளாயிரம்! பிறந்ததிலிருந்து சொல்லி வரும் சொற்கள். ஒரு டெஸ்ட் பச்சையானபோதுதான் எனக்குக் கேட்டது.

சேர்த்து எழுதுவதிலும் இப்படி ஒன்று உண்டு. பதின் + ஒன்று பதினொன்று ஆவது ஒரு விதி: மெய்யின் மேல் உயிர் ஏறுகிறது. நூற்று + ஒன்று நூற்றொன்று ஆவது வேறு விதி: குற்றியலுகரம் கெட்டு, நின்ற மெய்யின் மேல் உயிர் ஏறுகிறது. பள்ளியில் இரண்டையும் தனித்தனியாகப் படித்தேன். கணினி எழுத்துகளை எண்களாக வைத்துக்கொள்ளும் யூனிகோடில் புள்ளியும் ஒரு குறி, உகரமும் ஒரு குறி. கடைசிக் குறியைக் கழற்று, வருகிற உயிரைக் குறியாக மாற்றி ஒட்டு. பதினொன்று, பத்தொன்பது, நூற்றொன்று எல்லாம் அந்த ஒரே ஃபங்ஷனில் அடங்கிவிடுகின்றன. இதை நான் முன்கூட்டி யோசித்து எழுதவில்லை. ரீஃபேக்டர் செய்யும்போது கைக்கு வந்தது.

யூனிகோட் என்றதும் ஓர் எச்சரிக்கை. ஒரு காலை பைடெஸ்ட் சிவப்பு காட்டியது: எதிர்பார்த்தது "நூற்றொன்று", கிடைத்தது "நூற்றொன்று". கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. முக்கால் மணி நேரம் போனது. நான் ஒட்டியது ெ, ா என்ற இரண்டு குறிகள். டெஸ்ட்டில் இருந்தது ொ என்ற ஒரே குறி. குறிகளின் எண்களைக் காட்டும் பைத்தானின் ஆஸ்கி ஃபங்ஷனில் போட்டுப் பார்த்தால்தான் 0பிசி6-உம் 0பிபிஇ-உம் ஒரு பக்கம், 0பிசிஏ மறுபக்கம் என்று தெரியும். ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. தமிழில் இந்தப் பயிற்சியைச் செய்பவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

இனி எரிச்சல். மூன்று வருடமாக ஒரே எரிச்சல்தான்: அடுத்த டெஸ்ட் எது?

எவ்வளவு சிறிய அடி வைக்க வேண்டும் என்று இந்த முறை சொல்கிறது. எப்போது நிறுத்த வேண்டும், எப்போது துப்புரவு செய்ய வேண்டும் என்று சொல்கிறது. பச்சைக்குப் போக மூன்று வழி இருப்பதாக, டிடிடியைப் பிரபலமாக்கிய கென்ட் பெக் எழுதியிருக்கிறார்: விடையை அப்படியே திருப்பிக் கொடு, தெளிவாகத் தெரிந்தால் நேராக எழுது, இல்லையென்றால் இரண்டாவது உதாரணம் ஒன்றை வைத்துப் பொதுவாக்கு. மூன்றும் அருமையான வழிகள். ஆனால் எந்தத் திசையில் அடி வைப்பது? 2023 கடைசியில் அவர் எழுதிய விளக்கத்திலும், டெஸ்ட்களைப் பட்டியலிட்டுக்கொள், ஒன்றை எடு என்று வருகிறது. எதை எடுப்பது என்பது அனுபவத்தில் வரும் திறமை, அந்த வரிசை முடிவையே மாற்றலாம் என்றும் வருகிறது. உண்மை. நானே இரண்டு வருடம் அதற்குச் சாட்சி. ஆனால் முடிவையே மாற்றுகிற ஒன்றை "அனுபவத்தில் வரும்" என்று விட்டால், வழி கேட்டு நிற்பவனுக்கு அது பதிலாகுமா? 1, 2, 3 என்று போனவனுக்கும் எல்லா டெஸ்ட்டும் பச்சைதான். இரண்டு இஃப்களும் பச்சைதான். ஏதோ தப்பிப்போகிறது என்று அந்தப் பச்சை ஒரு நாளும் என்னிடம் சொல்லவில்லை.

நியாயமாகப் பேச வேண்டும். தப்பு வழியில் போனாலும் இந்த முறை ஒன்றைக் கட்டாயப்படுத்துகிறது: விடையை முதலில் எழுது. இருபத்தொன்றா, இருபத்து ஒன்றா, எல்லாரும் வாயால் சொல்கிற இருபத்தி ஒன்றா? ஐநூறா, ஐந்நூறா? கோட் எழுதும் முன்பே நான் ஒரு பக்கம் நின்றாக வேண்டும். அந்த ரசீது வேலையில் யாரும் யாரையும் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பெரியவர் கேட்டிருக்க வேண்டியதில்லை. இதற்காக மட்டுமே இந்தப் பயிற்சியை மதிக்கிறேன்.

போன சனிக்கிழமை வேறு வரிசையில் பார்க்கலாம் என்று மேலிருந்து தொடங்கினேன். முதல் டெஸ்ட்டே 1,00,00,001: ஒரு கோடியே ஒன்று. இரட்டிக்கும் ஃபங்ஷன் கோடியைக் "கோட்டி" ஆக்கியது. கோடிக்கு "யே" தனி வழி என்று பிரித்தேன். அடுத்து இலட்சம். இலட்சத்து என்பது சரியாக வந்தது, ஆனால் முன்னால் ஒரு போடுவதா ஓர் போடுவதா? அதற்குள் கோடி, இலட்சம், ஆயிரம் என்று எண்ணைப் பிரிக்கும் கோட் முழுவதையும் ஒரே டெஸ்ட்டுக்காக எழுத வேண்டியதாயிற்று. அரை மணி முடிந்தபோது திரை சிவப்பு. சிவப்பிலேயே அழித்தேன். மூன்று வருடம் கழித்தும் சிவப்பில் அழித்தேன் என்ற கோபம் இதை எழுதும்போதும் தணியவில்லை.

அதனால் நண்பனுக்கு நான் அனுப்பிய பதில்: "இப்போ வேண்டாம்டா. ரிலீஸ் நேரத்துல ஆறு பேர உட்கார வெச்சா, ஆறு பேரும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னுதான் போவாங்க. பச்சையப் பார்த்துட்டு முடிஞ்சுதுன்னு எழுந்துருவாங்க. பக்கத்துல உட்கார்ந்து, அடுத்து ஏன் இதுன்னு கேட்க ஒரு ஆள் இருந்தா மட்டும் ஆரம்பி."

அரை மணி கழித்து அவன் திருப்பிக் கேட்டான்: "நீ வந்து உட்காருவியா?"

வரும் சனிக்கிழமை போகிறேன். முதல் டெஸ்ட் 101.