பசித்த பிள்ளைகளின் ஓபரா: புதுச்சேரித் திரையில் ‘ஹேன்சலும் கிரேட்டலும்’

அரையாண்டுத் தேர்வு விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்ற கேள்விக்குக் கடலூர்க்காரர்களிடம் வழக்கமாக இரண்டு விடைகள்தான் இருக்கும். ஒன்று சில்வர் பீச், மற்றொன்று பாண்டிச்சேரி. இம்முறை இரண்டாவதைத் தேர்ந்ததற்குக் கடற்கரைச் சாலை காரணமில்லை. புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியில் உள்ள ஒரு சிறிய அரங்கில், ‘ஹேன்சலும் கிரேட்டலும்’ என்ற ஜெர்மானிய ஓபராவின், அதாவது பாட்டாகவே நடக்கும் இசைநாடகத்தின், ஒளிப்பதிவைப் பெரிய திரையில் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகளையும் இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகனையும் கூட்டிக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் பேருந்து ஏறினேன். பத்தாவது நிமிடத்தில் தண்ணீர் கேட்பார்கள், பதினைந்தாவது நிமிடத்தில் வீட்டுக்குப் போகலாம் என்பார்கள் என்ற அச்சம் எனக்கு இருந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. அரங்கத்தாரைப் பற்றிச் சில குறைகளைச் சொல்லவிருப்பதாலும், அவர்கள் லாபம் பாராமல் ஆர்வத்தால் இதைச் செய்யும் சிறு குழுவினர் என்பதாலும், பெயரைக் குறிப்பிடாமல் விடுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இசையமைத்தவர் பெயர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் என்று வாசலில் எழுதியிருந்ததைப் பார்த்து, அறுபதுகளின் ஆங்கிலப் பாப் பாடகரின் நிகழ்ச்சி என்று நினைத்து ஒரு பெரியவர் சீட்டு வாங்க வந்துவிட்டார். அந்தப் பாடகர் 1936இல் நம் சென்னையில் பிறந்தவர். ஆர்னல்ட் டார்சி என்ற சொந்தப் பெயரை விட்டுவிட்டு, இந்த ஜெர்மானிய இசையமைப்பாளரின் பெயரை மேடைப் பெயராக எடுத்துக்கொண்டவர். பெரியவர் சற்று யோசித்துவிட்டு உள்ளேயே அமர்ந்துகொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

உண்மையான ஹம்பர்டிங்க், ஜெர்மானிய ஓபரா மேதை வாக்னரிடம் உதவியாளராக இருந்து ‘பார்சிஃபால்’ ஓபராவின் தயாரிப்பில் பணியாற்றியவர். 1890இல் அவருடைய தங்கை அடெல்ஹைட் வெட்டே, தம் குழந்தைகள் வீட்டில் நடிப்பதற்காக எழுதிய சிறு நாடகத்துக்குச் சில பாட்டுகள் மட்டும் மெட்டமைத்துத் தருமாறு அண்ணனைக் கேட்டார். காட்டில் வழிதவறிச் சூனியக்காரியிடம் சிக்கும் இரு பிள்ளைகளைப் பற்றி, நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் சொன்ன கதையை ஒட்டிய அந்த வீட்டு விளையாட்டு வளர்ந்து வளர்ந்து மூன்று அங்கங்கள் கொண்ட முழு ஓபராவாகி, 1893 டிசம்பர் 23 அன்று வைமர் நகரில் அரங்கேறியது. அன்று வாத்தியக் குழுவை நடத்தியவர் இசையமைப்பாளர் ரிச்சர்டு ஸ்ட்ராஸ். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு அரங்கேறியதாலோ என்னவோ, மேலைநாடுகளில் இது குளிர்கால விடுமுறைக்கு உரிய ஓபராவாகவே நிலைத்துவிட்டது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா, தன் மேடையிலிருந்து முழு ஓபரா ஒன்றை முதன்முதலாக வானொலியில் ஒலிபரப்பியதும் 1931 கிறிஸ்துமஸ் அன்று, இதே படைப்பைத்தான். ஆனால் கதையில் பனியும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. பிள்ளைகள் காட்டுக்குப் போவது ஸ்ட்ராபெர்ரி பறிப்பதற்கு. பனி விழாத புதுச்சேரியில் உட்கார்ந்து பார்ப்பதற்கு இது ஒருவகையில் பொருத்தமாகத்தான் இருந்தது.

திரையிடப்பட்டது அதே மெட்ரோபாலிட்டன் ஓபராவின் 2008 புத்தாண்டு நாள் பதிவு. மேடையாக்கியவர் ரிச்சர்டு ஜோன்ஸ். வாத்தியக் குழுவை நடத்தியவர் விளாடிமிர் யுரோவ்ஸ்கி. ஜெர்மன் மொழிக்குப் பதிலாக ஆங்கில மொழிபெயர்ப்பில் பாடுகிறார்கள். ‘தேவதைக் கதை’ என்ற சொல்லைக் கேட்டவுடன் மனத்தில் வரும் மினுமினுப்பு எதுவும் இதில் இல்லை. திரையில் முதலில் தெரிவது ஒரு வெறும் தட்டு, பக்கத்தில் கத்தியும் முள்கரண்டியும், அவ்வளவுதான். ஹார்ன் என்ற ஊதுவாத்தியங்கள் நான்கு தாழ்ந்த குரலில் மாலைப் பிரார்த்தனையின் மெட்டைத் தொடங்க, அந்த வெறும் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். ‘பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது’ என்று நம் வீடுகளில் சொல்வார்களே, இந்த ஓபராவின் முதல் இரண்டு அங்கங்களும் அந்தப் பழமொழியின் இரண்டு பாதிகள்தான். ஜோன்ஸ் அதில் முதல் பாதியை இறுகப் பிடித்துக்கொண்டு கடைசி வரை விடவில்லை.

முதல் அங்கம் நடப்பது ஓர் ஏழைத் துடைப்பக்காரரின் சமையலறையில். பையன் துடைப்பம் கட்ட வேண்டும், பெண் காலுறை பின்ன வேண்டும், இருவருக்கும் பசி. பக்கத்து வீட்டார் கொடுத்த ஒரு குவளைப் பாலை வைத்துக்கொண்டு, இரவு அம்மா பால்சோறு ஆக்குவாள் என்று தேற்றிக்கொள்கிறார்கள். பையன் பாலேட்டில் ஒரு விரலைத் தொட்டு நக்குவதையும், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மறுபடி தொடப்போவதையும் பார்த்து என் மகன் வாய்விட்டுச் சிரித்தான். அவனுக்குத் தெரிந்த குற்றம் அது. பிறகு தாய் வருகிறாள், வேலை செய்யாமல் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளை அடிக்கக் கை ஓங்குகிறாள், அந்த வேகத்தில் குவளையே உடைந்து பால் கொட்டிவிடுகிறது. அதுவரை துள்ளிக்கொண்டிருந்த இசை அந்த நொடியில் அப்படியே வற்றிப்போகிறது. “அத்தை, கொட்டினது அவங்கதானே, அப்புறம் ஏன் பிள்ளைங்களைத் திட்டுறாங்க?” என்று அண்ணன் மகள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை, அடுத்த இரண்டு நிமிடங்களில், தனியாக உட்கார்ந்து சோற்றுக்காகக் கடவுளை வேண்டும் அந்தத் தாயே பதில் சொல்லிவிட்டாள். போதையில் பாடிக்கொண்டே வரும் தகப்பன் அன்றைக்குத் துடைப்பம் நன்றாக விற்ற மகிழ்ச்சியில் கூடையைத் திறக்கும்போது வெளிவரும் பட்டியல் இந்த ஓபராவின் தனிச்சுவை. ஜெர்மன் மூலத்தில் பன்றிக்கொழுப்பு, வெண்ணெய், மாவு, பதினான்கு முட்டைகள், வெங்காயம் என்று அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் கால் பவுண்டு காப்பித்தூளில் முடிகிறது. காப்பிக்கு அவர்கள் இருவரும் கொள்ளும் பரவசம் நமக்கு விளக்கம் இல்லாமலேயே புரிகிறது.

ஹேன்சல் என்ற பையனாகப் பாடுபவர் அலிஸ் கூட் என்ற பெண்மணி. சூனியக்காரியாகப் பாடுபவரோ பிலிப் லாங்ரிட்ஜ் என்ற ஆண். பையன் வேடம் பெண் குரலுக்கென்றே எழுதப்பட்டது. சூனியக்காரி வேடமும் பெண் குரலுக்கு எழுதப்பட்டதுதான் என்றாலும், அதை ஆண் பாடும் வழக்கம் நெடுநாளாக உண்டு. இதை முன்கூட்டியே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமோ என்று தயங்கினேன். தேவைப்படவில்லை. தெருக்கூத்தில் திரௌபதியாக ஆண் வந்து நிற்பதைப் பார்த்து வளரும் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு புதுமையா? சிறுவர்களையே எல்லா வேடங்களிலும் நிறுத்தி நாடகக் குழு நடத்திய சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் கண்மூடியது இந்தப் புதுச்சேரியில்தான். அவருடைய நினைவிடம் கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. கூட் கால்களை அகற்றி நிற்கும் விதத்திலும் மூக்கைத் துடைத்துக்கொள்ளும் விதத்திலும் ஒரு பத்து வயதுப் பையன் முழுமையாக இருந்தான். கிறிஸ்டின் ஷேஃபரின் கிரேட்டல் அவ்வளவு துல்லியமாக இல்லை. குரல் மிக அழகு, ஆனால் சிறுமி என்பதை அவ்வப்போது நினைவுபடுத்திக்கொண்டு நடிப்பதுபோல் இருந்தது.

இரண்டாம் அங்கம் காட்டில் நடக்க வேண்டியது. ஜோன்ஸ் அதை இலைகள் வரைந்த சுவர்க்காகிதம் ஒட்டிய நீண்ட அறையாக ஆக்கிவிட்டார். மரங்களாக நிற்பவர்கள் கோட்டு அணிந்த, கிளைகளைத் தலையாகக் கொண்ட மனிதர்கள். இது எனக்கு முழுதாக ஒப்பவில்லை. காடு என்றால் காடு வேண்டும். இருள் கவியும் காட்டை ஹம்பர்டிங்க் வாத்தியங்களில் அத்தனை நுணுக்கமாக எழுதியிருக்கும்போது, கண்ணெதிரே ஒரு சாப்பாட்டு அறை நிற்பது காதுக்கும் கண்ணுக்கும் சண்டை மூட்டுகிறது. ஆனாலும் குயில் கூவும் இடத்தில் நான் தோற்றுப்போனேன். அந்த நாட்டுக் குயில் மேலிருந்து கீழாக இரண்டே சுரங்களில் கூவுகிறது. நம் குயிலோ கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும். பிள்ளைகள் அந்தக் கூவலைத் திருப்பிக் கூவியபடி, அடுத்தவர் கூட்டில் திருடும் குயிலைப்போல ஒருவர் வாயில் ஒருவர் பழம் போட்டு விளையாடி, கூடை முழுவதையும் தின்றுவிடுகிறார்கள். பசி இங்கே விளையாட்டாகிறது. பிறகுதான் இருட்டுகிறது, வழி தெரியவில்லை, பயம் வருகிறது.

கண்களில் மணல் தூவித் தூங்கவைக்கும் குட்டி மனிதர் வந்துபோன பின், பதினான்கு தேவதூதர்கள் காவல் நிற்பார்கள் என்ற பிரார்த்தனையைப் பிள்ளைகள் பாடிவிட்டுப் படுக்கிறார்கள்: தலைமாட்டில் இருவர், கால்மாட்டில் இருவர், வலப்புறம் இருவர், இடப்புறம் இருவர் என்று எண்ணிக்கொண்டே போகும் பாட்டு அது. அதற்குப் பிறகு வருவது சொற்களே இல்லாத கனவுக் காட்சி. ஜோன்ஸ் இங்கே தேவதூதர்களுக்குப் பதில் பெரிய பெரிய தலைகளோடு சமையற்காரர்களை அனுப்புகிறார். பசியோடு தூங்கும் பிள்ளையின் கனவில் வேறு யார் வருவார்கள்? அந்த மேடையாக்கம் எனக்கு முழுவதுமாகப் புரிந்த இடம் அது. மெல்ல மெல்ல வாத்தியக் குழு முழுவதும் எழுந்து வருகிறது, அண்ணன் மகள் விரல்விட்டுச் சமையற்காரர்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள், ஒன்பது வரை வந்துவிட்டாள். அப்போது அரங்கத்தார் பளிச்சென்று விளக்கைப் போட்டு, இடைவேளை என்று அறிவித்து, வாசலில் சமோசா விற்கத் தொடங்கிவிட்டார்கள். பாட்டு நின்றதும் அங்கம் முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். ஒலியையும் பாதியில் குறைத்துவிட்டார்கள். இந்த ஓபராவில் ஒரே ஒரு பகுதியைத்தான் கேட்க முடியும் என்றால் நான் தேர்ந்தெடுப்பது அந்தச் சில நிமிடங்களைத்தான்.

மூன்றாம் அங்கத்தில் பெரிய வாய் ஒன்று திறந்து, நாக்கின்மேல் கேக்கோடு பிள்ளைகளை அழைக்கிறது. லாங்ரிட்ஜின் சூனியக்காரி சிரிக்கவும் வைத்தாள், என் மகனை என் மடிக்கும் ஏற்றிவிட்டாள். கொழுத்த பாட்டிபோல் வேடமிட்டு மாவும் கிண்ணமுமாக அந்த அறுபது கடந்த மனிதர் அடிக்கும் கூத்தில், தெருக்கூத்தில் சிரிக்கவைக்கும் கட்டியங்காரனின் சாயல் இருந்தது. பிள்ளைகள் அவளை அடுப்பில் தள்ளும் இடம் நொடியில் முடிந்துவிடுவதால் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பெரிய அச்சம் இராது. அதைவிட, இஞ்சி ரொட்டியாக மாற்றப்பட்டிருந்த பிள்ளைகள் கண்களை மூடியபடியே தங்களைத் தொடும்படி கெஞ்சும் இடத்தில்தான் எங்கள் வரிசை முழுவதும் அசையாமல் இருந்தது.

அரங்கைப் பற்றி மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். பெரியவர்களுக்கு 150 ரூபாய், பிள்ளைகளுக்குப் பாதி. இந்த இசைக்கு இது மிகவும் குறைவு. ஐந்தரைக்கு என்று சொல்லி ஆறு மணிக்குத்தான் தொடங்கினார்கள். ஒலி தெளிவாக இருந்தது, ஆனால் கனமான வாத்தியங்கள் முழங்கும்போது இடப்பக்கப் பெட்டி அதிர்ந்தது. ஆங்கிலத் துணைவரிகள் பிள்ளைகள் வாசித்து முடிப்பதற்குள் மறைந்துவிடுகின்றன. அதற்காகத் தமிழில் ஒரு பக்கக் கதைச்சுருக்கம் கொடுத்தார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அதில் இருந்தது ஓபராவின் கதையே இல்லை. மாற்றாந்தாய் பிள்ளைகளைத் திட்டமிட்டுக் காட்டில் விட்டுவிட்டு வருவது கிரிம் சகோதரர்களின் பிற்காலப் பதிப்புகளில் உள்ளது; 1812இன் முதல் பதிப்பில்கூட அவள் பெற்ற தாய்தான். வெட்டேயின் ஓபராவில் அவள் கோபத்தில் பழம் பறித்துவரத் துரத்திவிட்டு, பிறகு பதறிப்போய்த் தேடி ஓடும் தாய். சுருக்கத்தை வாசித்துவிட்டு வந்த பிள்ளைகள் முதல் அங்கம் முழுவதும் அவளைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் பேருந்தில், கிருமாம்பாக்கம் வரும்வரை இருவரும் அந்த இரண்டு சுரக் குயிலைக் கூவிக்கொண்டே வந்தார்கள். நடத்துநர் ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பதிவு டிவிடியாகவும் வந்திருக்கிறது, தோழி ஒருத்தியிடம் அது இருந்தது. மறுவாரம் வாங்கிவந்து கனவுக் காட்சியை மட்டும் போட்டோம். அண்ணன் மகள் இரண்டு முறை எண்ணினாள். பதினான்கு பேர்தான்.