சிப்பியும் இரண்டு போலராய்டு தாளும்: மூன்று வருட அனுபவம்

மாணவர் ரக நுண்ணோக்கி ஒன்று, சுழலும் மேடை, விளக்குக்கு மேல் ஒரு போலராய்டு தாள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது), கண்வில்லைக்குக் கீழே இன்னொன்று. மூன்று வருடமாக முத்துச்சிப்பியின் உட்புறப் பளபளப்பை இதை வைத்துத்தான் பார்க்கிறேன்.

முதல் நாள் சப்பென்று போனது. கையில் திருப்பினால் பச்சையும் ரோஜாவுமாக மின்னும் சிப்பி, மெல்லிய சீவலாகத் தேய்த்ததும், ஒன்றுக்கொன்று திசை குறுக்காக வைத்த இரு தாள்களுக்கு நடுவே வெறும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. தாள் மட்டமோ என்று மாற்றிக்கூடப் பார்த்தேன். தாள் நல்ல தாள்தான், நான்தான் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொண்டிருந்தேன். கண்ணுக்குத் தெரியும் மினுமினுப்பு, அரை மைக்ரான் அளவு கனமான அரகோனைட் (கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம்) தகடுகளின் அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. தாள்களுக்கு நடுவே தெரிவதோ படிகத்தின் இரட்டை ஒளிவிலகல், அதாவது ஒளி இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு வேகத்தில் போவது. தகடுகளை மேலிருந்து பார்க்கும்போது அந்த இரண்டின் விலகல் எண்களுக்கு (ஒளி எவ்வளவு மெதுவாகிறது என்பதன் அளவு) இடையே வேறுபாடு 0.005 அளவுதான். 30 மைக்ரான் சீவலில் அது சாம்பலைத் தாண்டாது.

அப்புறம் சிப்பியைக் குறுக்காக வெட்டித் தேய்த்தேன். இப்போது வேறுபாடு ஏறக்குறைய 0.156. பளபளப்பு அடுக்கு முழுக்க வெளிறிய வெண்மையில் ஒளிர்ந்தது. மேடையை மெல்லச் சுழற்றினால் கருப்புப் பட்டை ஒன்று சிப்பியின் வளைவைப் பிடித்துக்கொண்டே நகர்ந்தது. அடுக்கு எங்கெல்லாம் தாளின் திசையோடு ஒத்துப்போகிறதோ அங்கெல்லாம் இருள். லட்சக்கணக்கான தகடுகளில் படிகத்தின் முக்கிய அச்சு அடுக்குக்குச் செங்குத்தாகவே நிற்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு எதுவும் காட்டியதில்லை. சிப்பியின் வெளிப்பக்கத்துக் கால்சைட் (அதே பொருளின் இன்னொரு படிக வடிவம்) பட்டகங்கள் இப்படி ஒன்றுசேர்ந்து இருளாது, திட்டுத்திட்டாகத்தான் அணையும். இரண்டு அடுக்கும் சேரும் எல்லை கத்தியால் கீறியது போல இருக்கும்.

குறைகளும் உண்டு. முதல் தாள் ஹாலோஜன் விளக்கின் சூட்டில் பழுப்பேறிவிட்டது, எல்இடிக்கு மாறிய பிறகு தொல்லை இல்லை. தேய்ப்பதுதான் பெரிய பாடு. கடைசிக் கட்டத்தில் பத்து எண்ணுவதற்குள் சீவல் காணாமல் போயிருக்கிறது, நாலு முறை. தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும், அந்தத் தூளை மூச்சில் இழுக்கக்கூடாது.

தகடுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் என்று ஆசைப்பட வேண்டாம். தட்டையான சீவலில் அறுபது அடுக்காவது ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும், அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். காசு கையில் குறைவென்றால் வில்லையில் மிச்சம் பிடியுங்கள், சுழலும் மேடையில் பிடிக்காதீர்கள்.