வால்வின் முதுகில் ஏறிய கரியை எந்த முறையில் எடுப்பது?

புல்லட் தயாரித்த தொழிற்சாலை திருவொற்றியூரில் இருந்ததாலோ என்னவோ, ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டன் தலையில் ஏறிய கரியைச் சுரண்டும் வேலை வடசென்னைப் பட்டறைகளுக்குப் புதிதன்று. ஆனால் இன்று ‘டீகார்பனைசிங்’ என்ற ஒரே பெயரில் நான்கைந்து வெவ்வேறு வேலைகள் விற்கப்படுகின்றன. கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வண்டியை விட்டுச் செல்பவர் ஏமாறுவது இங்கேதான். கரி எஞ்சினின் எந்த இடத்தில் படிந்திருக்கிறது என்று தெரியாமல், இந்த முறை நல்லது, அந்த முறை வீண் என்று பேசுவதில் பொருளில்லை.

சிலிண்டருக்கு வெளியே பெட்ரோல் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினில் இன்ஜெக்டர், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வுக்கு முன்னால் அமர்ந்து, மூன்று நான்கு பார் அழுத்தத்தில் பெட்ரோலை வால்வின் முதுகு மீதே தெளிக்கிறது. பெட்ரோலில் கலந்துள்ள டிடர்ஜென்ட் அந்த முதுகைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் அழுத்தம் 200 பார் வரையிலும் அதற்கு மேலும் போகும். பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பாய்வதால் வால்வின் முதுகுக்கு அந்தக் குளியல் கிடைப்பதில்லை. எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து, அங்கே சேரும் ஆவியைக் காற்றுப் பாதைக்குத் திருப்பும் பி.சி.வி. குழாய் வழியாக வரும் ஆயில் ஆவியும், இரு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் கணத்தில் பின்னோக்கி ஏறும் எரிந்த புகையும், சூடான வால்வில் பட்டு முதலில் பிசினாகவும் பிறகு கருங்கட்டியாகவும் இறுகிவிடுகின்றன. மிட்சுபிஷி 1996இல் கேலன்ட் காரில் டைரக்ட் இன்ஜெக்‌ஷனைக் கொண்டுவந்தது முதல் இந்தத் தலைவலி உடன் வருகிறது. டொயோட்டாவின் டி-4எஸ் எஞ்சினில் இரண்டு வகை இன்ஜெக்டர்களும் இருப்பதன் பயன்களில் ஒன்று, வால்வு கழுவப்படுவது. நம் சாலைகளில் டி.எஸ்.ஐ., டி-ஜி.டி.ஐ., பூஸ்டர்ஜெட் என்ற பெயர்களில் ஓடும் டர்போ பெட்ரோல் கார்கள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. டூயல்ஜெட் என்ற பெயரைப் பார்த்து மாருதிக்காரர்கள் பயப்பட வேண்டாம். அதில் சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர்கள் இருந்தாலும் இரண்டும் வால்வுக்கு வெளியேதான் தெளிக்கின்றன.

என் கார் ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ. காசிமேட்டிலிருந்து தங்கசாலைக்குப் போய்த் திரும்பும் குறுகிய ஓட்டமும், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஏ.சி.யைப் போட்டபடி நின்றே கழியும் நேரமுமாக அதன் வாழ்க்கை போகிறது. அறுபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியதும் காலையில் ஸ்டார்ட் செய்தால் உதறத் தொடங்கியது. பிளக்கும் காயிலும் மாற்றியும் உதறல் நிற்கவில்லை. மிஞ்சிய சந்தேகம் வால்வுக் கரிதான்.

முதலில் பெட்ரோல் டேங்கில் ஊற்றும் கிளீனர். பாலிஈதர் அமைன் கலந்த நல்ல கிளீனர் இன்ஜெக்டரின் முனையையும் எரியறையையும் சுத்தம் செய்யும். ஆனால் வால்வின் முதுகுக்குப் பெட்ரோலே போகாத எஞ்சினில், பெட்ரோலில் கலந்த மருந்து மட்டும் எப்படிப் போகும்? கூடுதல் விலை பெட்ரோல் போடுவதற்கும் இதே பதில்தான். ஹைட்ரஜன் சிகிச்சை எனப்படுவது, தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து வரும் வாயுவை ஐடிலிங்கில் ஓடும் எஞ்சினின் காற்றுக் குழாயில் விடுவது. அந்த வாயு எரிவது வால்வைத் தாண்டி எரியறைக்குள் போன பிறகுதான். போகும் வழியில் வால்வின் மேல் இறுகிய கட்டியை அது ஒன்றும் செய்வதில்லை. இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு பட்டறையில் முக்கால் மணி நேரம் வாயு விட்டு, புகைக்குழாய் அளவீட்டுச் சீட்டையும் கையில் கொடுத்தார்கள். மறுநாள் காலை உதறல் அப்படியே இருந்தது.

இன்டேக் ஸ்ப்ரேயை இவற்றோடு சேர்த்துத் தள்ளிவிட முடியாது. திராட்டிலுக்கு அப்பால், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது தெளிக்கப்படும் கரைப்பான் வால்வை உண்மையிலேயே போய்த் தொடுகிறது. இன்னும் இறுகாத பிசினை இளக்குகிறது. கெட்டிப்பட்ட பழைய கரியை அது முழுமையாக எடுக்காது என்பதோடு, பாதி இளகிய கட்டி பெயர்ந்து டர்போவின் பக்கம் போகும் அபாயமும் உண்டு. அதனால் இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு ஸ்ப்ரே அறிவுள்ள செலவு. எண்பதாயிரம் ஓடி ஒருமுறையும் கவனிக்கப்படாத வண்டிக்கு அது சூதாட்டம். கரைப்பானில் ஒரு பங்கு ஆயிலில் இறங்கக்கூடும். ஆகவே ஆயில் மாற்றப் போவதற்குச் சற்று முன் தெளிப்பதே முறை.

கட்டி தட்டிவிட்டால் கையால் சுரண்டுவதும் வால்நட் பிளாஸ்டிங்கும்தான் மிஞ்சுகின்றன. இரண்டிலும் இன்டேக் மானிஃபோல்டைக் கழற்றி, கிராங்கைச் சுற்றி, வேலை நடக்கும் சிலிண்டரின் வால்வுகள் மூடியிருக்கும்படி நிறுத்த வேண்டும். இந்த ஒரு படியில் கவனம் தவறினால் கரியும் தூளும் சிலிண்டருக்குள் விழும். கைவேலையில் கரைப்பானை ஊற்றி ஊறவைத்து, பிரஷ்ஷாலும் வளைந்த கம்பியாலும் சுரண்டி, உறிஞ்சி எடுப்பார்கள். பொறுமையுள்ள மெக்கானிக் கிடைத்தால் முடிவு குறைவாக இராது. ஆனால் ஒருநாள் முழுவதும் போய்விடும், வால்வுத் தண்டின் பின்புறம் கைக்கு எட்டவும் எட்டாது. வால்நட் முறையில் அக்ரூட் ஓட்டின் பொடி, அழுத்தக் காற்றோடு பாய்ந்து கரியை உடைக்கிறது. கூடவே வேக்கம் அதை இழுத்துவிடுகிறது. ஓடு கரியை உடைக்குமளவு கடினமானது, வால்வின் உலோகத்தைக் கீறாத அளவு மென்மையானது. உள்ளே ஓரிரு துகள் தங்கினாலும் எரிந்துபோகும். பி.எம்.டபிள்யூ. என்54 எஞ்சின் வைத்திருப்பவர்கள் வழியாக இம்முறை உலகெங்கும் பெயர்பெற்றது.

வடசென்னையில் இதற்கு ஒரு தனிக் கவலை உண்டு. கடல்காற்றின் ஈரம் கம்ப்ரஸர் டேங்கில் தண்ணீராகச் சேரும். ஈரக் காற்று பட்டால் பொடி கட்டிதட்டி, அதைப் பாய்ச்சும் துப்பாக்கியை அடைத்துவிடும். ஆகவே ராயபுரத்தில் பட்டறை தேடியபோது நான் விலைக்கு முன் கேட்ட கேள்வி, காற்றுக் குழாயில் வாட்டர் செப்பரேட்டர் இருக்கிறதா என்பதுதான். இரண்டாவது, மானிஃபோல்டு கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுவீர்களா என்பது. இரண்டுக்கும் தயங்காமல் பதில் சொன்ன பட்டறையில், கழற்றுவதற்கு முன்பும் முடித்த பின்பும் போரஸ்கோப் என்ற குழாய்க் கேமராவில் ஆறு இன்டேக் வால்வுகளையும் காட்டினார்கள். முதல் படத்தில் வால்வின் வடிவமே தெரியவில்லை. அடுப்பில் மறந்துபோன வெல்லப்பாகு போலிருந்தது. ஐந்து மணி நேரத்துக்குப் பின் உலோகம் தெரிந்தது. மறுநாள் காலை உதறல் இல்லை.

பி.சி.வி. குழாயில், ஆயில் ஆவியைப் பிடித்து வைக்கும் ஆயில் கேட்ச் கேன் என்ற குப்பியைப் பொருத்தச் சிலர் சொல்கிறார்கள். அது புதிய கரி வரும் வேகத்தைக் குறைக்கலாம், பழையதை எடுக்காது; வாரன்டி உள்ள வண்டியில் அதைத் தொடாமலிருப்பதே மேல். நான் அதை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கு முன்பும் ஸ்ப்ரே தெளிக்கவும், இருபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை போரஸ்கோப் விட்டுப் பார்க்கவும் அதே பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறேன்.