தாய்லாந்து டிடிவி விசா எடுத்துத் தருவதாகச் சொல்லும் முகவர்கள்: பணம் கட்டும் முன் ஓர் எச்சரிக்கை

தொலைநிலைப் பணியில் இருந்துகொண்டு ஓர் ஊரில் சில மாதங்கள், வேறோர் ஊரில் சில மாதங்கள் என்று வாழ விரும்பி, தாய்லாந்தின் டிடிவி (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) என்னும் நீண்டகால விசாவைப் பற்றி விசாரித்துக்கொண்டிருப்பவர்கள் முகவர் எவரிடமும் பணம் கட்டுவதற்கு முன் இதை முழுமையாகப் படிக்க வேண்டுகிறேன். நானும் என் மனைவியும் 2025-ஆம் ஆண்டில் சென்னையில் இயங்கும் ஒரு முகவர் நிறுவனத்திடம் விசாக் கட்டணம், வடக்குத் தாய்லாந்து நகரமான சியாங் மாயில் வீட்டுக்கான முன்பணம், சேவைக் கட்டணம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2,40,000 ரூபாய் செலுத்தினோம். விசா கிடைக்கவில்லை, பணமும் திரும்பவில்லை. இவை இரண்டையும்விடக் கொடியது, எங்களுக்குத் தெரியாமலே என் பெயரில் ஒரு பொய்யான ஆவணம் வேறொரு நாட்டு அரசிடம் தாக்கல் செய்யப்பட்டிருந்ததுதான். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடந்துகொண்டிருப்பதால் அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் கையாண்ட முறையை அறிந்துகொண்டால், அதே முறையில் இயங்கும் வேறு எவரையும் உங்களால் அடையாளம் காண முடியும்.

டிடிவி விசாவைத் தாய்லாந்து அரசு 2024 ஜூலையில் அறிமுகப்படுத்தியது. ஐந்து ஆண்டுகள் செல்லுபடியாகும் இந்த விசாவில் எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். ஒவ்வொரு முறையும் 180 நாள்கள் வரை தங்கலாம். கட்டணம் ஒருவருக்கு 10,000 பாட். முதன்மை விண்ணப்பதாரர் 20 வயது நிறைந்தவராகவும், 5,00,000 பாட், அதாவது அப்போதைய மதிப்பில் ஏறத்தாழ 13 லட்ச ரூபாய், கையிருப்பு உள்ளவராகவும் இருக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை செய்பவர்கள் ஒரு பிரிவிலும், முவே தாய் குத்துச்சண்டை, தாய்லாந்துச் சமையல் போன்றவற்றைக் கற்கச் செல்பவர்களும் மருத்துவச் சிகிச்சைக்குச் செல்பவர்களும் இன்னொரு பிரிவிலும், இவ்விரு பிரிவினரின் கணவன் அல்லது மனைவியும் 20 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் மூன்றாவது பிரிவிலும் விண்ணப்பிக்கலாம். எந்தப் பிரிவானாலும் தாய்லாந்துக்கு வெளியே இருந்துகொண்டுதான் விண்ணப்பிக்க முடியும். இந்தப் பிரிவுகளையும் இந்தக் கடைசி விதியையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு நேர்ந்தது அத்தனையும் இவற்றைச் சுற்றியே நடந்தது.

நான் முதல் பிரிவுக்குத் தேவையான எல்லாத் தகுதியும் உடையவன். நான் பணிபுரியும் நிறுவனம் அயர்லாந்தில் உள்ளது. பணி ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், நிறுவனத்தின் பதிவுச் சான்று ஆகிய அனைத்தையும் கொடுத்திருந்தேன். வெளிநாட்டில் தங்கியிருந்து பணியாற்ற அனுமதிப்பதாக மனிதவளத் துறையிடமிருந்து கடிதம் பெறுவதுதான் இந்த ஏற்பாட்டில் மிகக் கடினமான பகுதி. தாய்லாந்தில் ஒரு நாட்காட்டி ஆண்டில் 180 நாள்கள் தங்குபவர் அந்நாட்டின் வரிச் சட்டப்படி அங்கு வசிப்பவராகக் கருதப்படுவார். 2024 ஜனவரி 1-இலிருந்து, அப்படிப்பட்டவர் வெளிநாட்டில் ஈட்டி அங்கே கொண்டுவரும் வருமானத்தைப் பற்றிய விதிகளும் கடுமையாகியுள்ளன. ஆகவே நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் பல கேள்விகள் கேட்டு, அவற்றுக்கெல்லாம் விடை பெற்ற பிறகே அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற கடிதத்தை முகவர் நிறுவனம் விண்ணப்பத்தோடு இணைக்கவே இல்லை என்பது வெகு நாள்களுக்குப் பிறகே எங்களுக்குத் தெரிந்தது.

தாய்லாந்தின் மின்விசா முறை 2025 ஜனவரி 1 முதல் உலகெங்கும் உள்ள அதன் தூதரகங்களுக்கு விரிவாக்கப்பட்டது. அரசுத் தளத்தில் ஒரு கணக்கைத் திறந்து, ஆவணங்களைப் பதிவேற்றி, கட்டணத்தைச் செலுத்தினால் போதும். முகவர் நிறுவனமோ அந்தக் கணக்கைத் தன் மின்னஞ்சல் முகவரியிலேயே திறந்தது. விண்ணப்பம் எங்களுடையதாக இருக்கும்போது கணக்கும் எங்கள் மின்னஞ்சலில்தானே இருக்க வேண்டும் என்று என் மனைவி கேட்டதற்கு, பல விண்ணப்பங்களை ஒன்றாகக் கையாள்வதால் அதுவே தங்கள் நடைமுறை என்றார்கள். சமர்ப்பித்த விண்ணப்பத்தின் நகலைக் கேட்டபோது, முடிவு வந்தபின் சேர்த்துத் தருவதாகச் சொன்னார்கள். தூதரகம் கூடுதல் ஆவணங்களைக் கேட்டு அனுப்பிய செய்தி அந்த மின்னஞ்சலுக்குத்தான் போனது. எங்களிடம் எவரும் சொல்லவில்லை. பதில் இல்லாததால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதையும் எவரும் சொல்லவில்லை. விசாக் கட்டணம் எந்த நிலையிலும் திருப்பித் தரப்படாது என்பது தூதரகத்தின் அறிவிக்கப்பட்ட விதி. இருவருக்குமான 20,000 பாட் அத்தோடு போயிற்று.

நிராகரிக்கப்பட்டதை மறைத்துவிட்டு அவர்கள் எங்களிடம் சொன்னது வேறு. இந்தியர்கள் விசா இல்லாமலே 60 நாள்கள் தங்கலாம் என்று 2024 ஜூலை 15 முதல் சலுகை இருந்தது. “பரிசீலனை நீள்கிறது, நீங்கள் அந்தச் சலுகையில் கிளம்பிவிடுங்கள், சியாங் மாய் குடிவரவு அலுவலகத்திலேயே டிடிவி முத்திரை போட ஏற்பாடு செய்திருக்கிறோம்” என்று வாட்ஸ்அப்பில் எழுத்திலேயே உறுதி கொடுத்தார்கள். அப்படி ஓர் ஏற்பாடு இருக்கவே முடியாது. தாய்லாந்துக்குள் டிடிவி வழங்கப்படுவதில்லை. அந்த உறுதியை நம்பி, கோவையில் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்து, சாமான்களை மாமனார் வீட்டில் இறக்கினோம். என் மனைவி தான் கற்பிக்கும் பள்ளியில் ஊதியமில்லா விடுப்பு எடுத்தார். புறப்படும் வாரத்தில், மின்னணு வருகை அட்டை நிரப்புவதற்கென்று ஆளுக்கு 1,500 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டார்கள். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குச் செல்லும் வெளிநாட்டவர் ஒவ்வொருவரும், வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இந்த அட்டையை நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது முற்றிலும் இலவசம்.

சியாங் மாயில் சந்திதம் பகுதியில் அவர்கள் காட்டிய அடுக்ககம் உண்மையாகவே இருந்தது. வீடும் படத்தில் பார்த்தபடியே இருந்தது. ஆனால் வாடகை ஒப்பந்தம் எங்கள் பெயரில் இல்லை. முகவரின் உள்ளூர்க் கூட்டாளி ஒருவரின் பெயரில் இருந்தது. இரண்டு மாத முன்பணமும் முதல் மாத வாடகையும் எங்களிடம் வாங்கியவர்கள், உரிமையாளரான முதிய பெண்மணிக்கு ஒரு மாத வாடகையை மட்டுமே அனுப்பியிருந்தார்கள். முன்பணம் எங்கே என்று அவர் எங்களைக் கேட்டார். நாங்கள் பணம் செலுத்திய சான்றைக் கைப்பேசியில் காட்டினோம். அவருக்கும் எங்களுக்கும் பொதுவான மொழி இல்லை. மொழிபெயர்ப்புச் செயலியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் எங்கள்மேல் கோபப்படாமல் பேசிய பெருந்தன்மையை இங்கே பதிவு செய்யாமல் இருக்க முடியாது.

இந்தக் குழப்பம் பணத்தோடு நிற்கவில்லை. தாய்லாந்தின் 1979-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டப்படி, ஒரு வெளிநாட்டவர் தங்க வந்தால் வீட்டுக்குரியவர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். டிஎம் 30 என்று அழைக்கப்படும் இந்த அறிவிப்பின் ரசீது இல்லாமல் அந்த அலுவலகத்தில் எதற்கும் விண்ணப்பிப்பது கடினம். ஒப்பந்தம் வேறொருவர் பெயரில் இருந்ததால், நாங்கள் அங்கே குடியிருப்பது அரசுக்குத் தெரிவிக்கப்படவே இல்லை. டிடிவி முத்திரைக்காகச் சென்றபோது, அலுவலர் எங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு இரண்டு செய்திகளைச் சொன்னார்: இந்த விசா இங்கே வழங்கப்படுவதில்லை, நீங்கள் தங்கியிருக்கும் முகவரியும் பதிவில் இல்லை.

அன்று மாலை முகவர் நிறுவனத்தை அழைத்துக் கேட்டபோது கிடைத்த அறிவுரையைத்தான் இந்தப் பதிவில் மிக முக்கியமாகக் கருதுகிறேன். 60 நாள் முடிந்தாலும் கவலைப்படாமல் தங்கும்படியும், திரும்பும்போது விமான நிலையத்தில் நாளொன்றுக்கு 500 பாட் அபராதம் கட்டிவிட்டால் கணக்கு தீர்ந்துவிடும் என்றும், அபராதம் 20,000 பாட்டுக்கு மேல் போகாது என்றும் சொன்னார்கள். அபராதத் தொகை உண்மைதான். அவர்கள் சொல்லாமல் விட்டது மீதியை. அனுமதிக் காலம் கடந்து தங்கியது பதிவேட்டில் ஏறும். அப்படிக் காலம் கடந்து 90 நாள்களுக்கு மேல் தங்கிவிட்டுத் தாமாக வெளியேறுபவருக்கு ஓராண்டு நுழைவுத் தடை உண்டு. தாமாக வெளியேறாமல் சோதனையில் பிடிபட்டால், ஒரே நாள் கடந்திருந்தாலும் ஐந்தாண்டுத் தடை விதிக்கப்படலாம். நாடு நாடாகச் சென்று தங்கி வேலை செய்ய நினைப்பவருக்கு அவருடைய பயணப் பதிவேடுதான் முதலீடு. அதைக் கெடுத்துக்கொள்ளும் வழியைக் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தருபவரை எப்படி மன்னிப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அனுமதித்த நாள்கள் முடிவதற்குள் சென்னைக்குத் திரும்பினோம்.

வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிய பிறகே அந்த மின்விசாக் கணக்கின் கடவுச்சொல் எங்கள் கைக்கு வந்தது. திறந்து பார்த்தபோது, தொலைநிலைப் பணியாளர் பிரிவில் விண்ணப்பமே இல்லை. ஆறு மாதம் முவே தாய் பயில்வதற்காக நான் பணம் கட்டிச் சேர்ந்திருப்பதாக ஒரு பயிற்சிக் கூடத்தின் கடிதமும், என் கையெழுத்தைப் போலவே இடப்பட்ட ஒரு படிவமும் இருந்தன. அந்தக் கூடத்தின் பெயரை நான் அதற்கு முன் கேட்டதுகூட இல்லை. தூதரகம் விளக்கம் கேட்டிருந்ததும் அந்தக் கடிதத்தைப் பற்றித்தான். என் மனைவியின் விண்ணப்பம் என்னுடையதைச் சார்ந்தது என்பதால், அவருடையதும் அதே பொய்யின் மேல் நின்று விழுந்தது. நேர்மையான ஆவணங்கள் கையில் இருந்தும் ஏன் இப்படிச் செய்தார்கள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒவ்வொருவரின் பணி ஒப்பந்தத்தையும் படித்து, நிறுவனச் சான்றுகளைச் சரிபார்த்து விண்ணப்பம் தயாரிக்க நேரமும் அறிவும் வேண்டும். பெயரை மட்டும் மாற்றினால் போதுமான ஓர் அச்சுக் கடிதத்தை எல்லோருக்கும் இணைத்துவிடுவது எளிது. காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பொய் ஆவணம் கொடுத்தவர் என்று பதிவாவது அவர்கள் பெயரன்று, விண்ணப்பதாரரின் பெயர்.

இதன் பிறகு அந்தக் கடிதமும் கையெழுத்தும் என்னுடையவை அல்ல என்பதைக் காவல் துறைக்கு அளித்த புகாரின் நகலோடு தூதரகத்துக்கு எழுதித் தெரிவித்துவிட்டு, என் சொந்த மின்னஞ்சலில் நானே கணக்கைத் திறந்து, மனிதவளத் துறையின் கடிதத்தோடு விண்ணப்பித்தேன். கூடுதலாகச் சில சான்றுகளைக் கேட்டார்கள், கொடுத்தேன், இருவருக்கும் விசா வந்தது. முகவருக்கு நாங்கள் கொடுத்த சேவைக் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூட இதற்குத் தேவைப்படவில்லை. படிவத்தில் உள்ள கேள்விகள் அனைத்தும் நமக்கு விடை தெரிந்தவையே.

நேரமின்மையாலோ வேறு காரணத்தாலோ முகவரை நாடித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: மின்விசாக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும், சமர்ப்பிக்கும் பொத்தானை நீங்களே அழுத்துங்கள். இதற்கு உடன்படாத முகவரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. வங்கிக் கையிருப்பு குறைவாக இருந்தால் சில நாள்களுக்குப் பணம் போட்டுக் காட்டுவதாகச் சொல்பவர்களும் உண்டு. எங்களோடு அந்த முகவர் அலுவலகத்தில் காத்திருந்த ஓர் இளைஞரிடம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ரசீதையும் சரிபாருங்கள். தமிழ்நாட்டில் பதிவான ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கி 15 எழுத்துகளும் எண்களும் கொண்டதாக இருக்கும். ஜிஎஸ்டி தளத்தில் அதை இட்டால் யாருடையது என்று எவரும் பார்க்கலாம். எங்களுக்குக் கொடுத்த ரசீதில் இருந்த எண், சுற்றுலாவுக்கோ விசாவுக்கோ தொடர்பே இல்லாத வேறொரு வணிகத்துக்குரியது. பணம் சென்றதும் நிறுவனக் கணக்குக்கன்று, ஒரு தனிநபரின் யுபிஐ முகவரிக்கு.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் தாமதிக்க வேண்டாம். இணையவழியில் பணம் இழந்தவர்கள் 1930 என்ற எண்ணில் உடனே தெரிவிக்கலாம். காவல் துறையில் பாரதிய நியாய சம்ஹிதாவின் 318-ஆம் பிரிவின்கீழ் மோசடிப் புகார் அளிக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, முகவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். எங்கள் வழக்கை நாங்கள் கோவை மாவட்ட ஆணையத்தில்தான் தொடுத்திருக்கிறோம். சென்னையில் அந்த அலுவலகம் இப்போது அதே மாடியில் வேறொரு பெயர்ப் பலகையோடு இயங்குகிறது. ஆகவே வாட்ஸ்அப் உரையாடல்களையும் யுபிஐ பதிவுகளையும் அழித்துவிடாமல், பழைய பெயர் அச்சிட்ட ரசீதின் மூலப்படியைப் பத்திரமாக வைத்திருங்கள். எங்கள் வழக்கறிஞர் முதலில் கேட்டது அதைத்தான்.