பாறு கழுகுகளைக் காண ஜோர்பீரா, ஜெய்சல்மேரின் பாலைத் தேசியப் பூங்காவா?

குளிர்காலத்தில் ராஜஸ்தானுக்குப் பறவை பார்க்கச் செல்ல எண்ணி, ஒரே இடத்துக்குத்தான் நாள் ஒதுக்க முடியும் என்போருக்காக இந்த ஒப்பீடு.

தொலைவு: ஜோர்பீர் காப்பிடம் பிகானேர் நகரை ஒட்டியே இருப்பதால் ஆட்டோவிலேயே போய்விடலாம். பூங்காவின் சுதாசரி பகுதிக்கோ ஜெய்சல்மேரிலிருந்து ஏறத்தாழ 45 கி.மீ. ஜீப்பில் செல்ல வேண்டும், செலவு கூடும்.

பறவைகள்: இறந்த ஒட்டகங்களையும் மாடுகளையும் கொண்டுவந்து போடும் இடம் என்பதால், ஜோர்பீரில் மஞ்சள்முகப் பாறு, இமாலயப் பாறு, மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் கரும்பாறு, ஸ்டெப்பி கழுகு ஆகியவை ஒரே சடலத்தைச் சுற்றிக் கூடுகின்றன, வேலிக் கம்பங்களில்கூடக் கழுகுகள் வரிசையாக அமர்ந்திருக்கும். பூங்காவிலும் பாறுகள் உண்டு. ஆனால் 3,162 சதுர கி.மீ. பரப்பில் அவற்றைத் தேடித்தான் காண வேண்டும். அங்கே முதன்மை ஈர்ப்பு, அழிவின் விளிம்பிலுள்ள பெரிய தரைவாழ் பறவையான கானமயிலே.

சிரமம்: ஜோர்பீரில் துர்நாற்றம் குடலைப் புரட்டும், தெருநாய்க் கூட்டங்களிடம் எச்சரிக்கை தேவை. பூங்காவில் வெயிலும் காத்திருப்பும்தான்.

பறவைகளுக்கான ஆபத்து: சடலத்தின் வழியாகப் பாறுகளைக் கொல்லும் வலிநிவாரணியான டைக்ளோஃபினாக், கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006இல் தடைசெய்யப்பட்டாலும், மருந்தேறிய சடலம் பற்றிய கவலை ஜோர்பீரில் தீரவில்லை. பூங்காவைச் சுற்றி உயரழுத்த மின்கம்பிகளே எமன்.

பாறுகளை அருகிலிருந்து படமெடுக்க விரும்புவோர் தயங்காமல் ஜோர்பீரைத் தேர்ந்தெடுக்கலாம். கானமயிலையும் பாலைநிலத்தையும் காண ஏங்குவோருக்கும், குழந்தைகளுடன் செல்வோருக்கும் பூங்காவே பொருந்தும்.