டே கேருக்குக் கட்டும் பை: ஏழு மாத அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

கோவை சரவணம்பட்டியில், என் அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு டே கேரில், இரண்டரை வயது மகளை ஏழு மாதங்களாக விட்டு வருகிறேன். சட்டப்படி, 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும். எங்கள் அலுவலகத்தில் முப்பது பேர்கூட இல்லாததால், வெளியில் தேட வேண்டியதாயிற்று. பார்த்த மூன்று இடங்களிலும் சுவர்ப் படங்களும் பொம்மைகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன. இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், சேர்க்கையன்று பொறுப்பாளர் எங்களை உட்காரவைத்து, பையில் தினமும் என்னென்ன வர வேண்டும், என்னென்ன வரவே கூடாது என்று அரைமணி நேரம் பொறுமையாக விளக்கியதுதான். மற்ற இரு இடங்களிலும், "சாப்பாடும் டயப்பரும் கொடுத்துவிடுங்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது.

சாப்பாட்டு விஷயத்தில் இவர்கள் மிகவும் கண்டிப்பானவர்கள். காலை எட்டரைக்கு நாம் கொடுக்கும் டப்பாவைப் பன்னிரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதால், ஆறிப்போன சாதத்தை அடைத்துக் கொடுத்தால் கோவை வெயிலிலும் அது கெட்டுவிடும். அவர்கள் சொன்னபடி, சிறிய ஸ்டீல் ஹாட் பாக்ஸில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்து, அதைக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் பருப்பு சாதத்தை விளிம்பு வரை நிரப்பித் தருகிறேன். பாதி அளவு வைத்தால் சூடு நிற்பதில்லை. தயிர் சாதமானால், குழைய வடித்த சாதத்தில் பாலை ஊற்றி ஒரு கரண்டி தயிர் மட்டும் கலப்பேன். மதியத்துக்குள் புளிக்காமல் உறைந்து பதமாக இருக்கும்.

இடைவேளைத் தின்பண்டத்துக்கு நான் முதலில் வாங்கியது, நான்கு பக்கமும் பூட்டுகிற பிளாஸ்டிக் டப்பா. ஒருநாள் சீக்கிரமாகப் போனபோது, ஆயாம்மா வேறொரு குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருக்க, என் மகள் அந்தப் பூட்டைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அன்று மாலையே டவுன்ஹால் பக்கம் ஒரு பாத்திரக்கடையில், மூடி சற்றுத் தளர்வாக இருக்கும் எவர்சில்வர் சம்புடம் ஒன்றைத் தேடி வாங்கினேன். குழந்தை தானே திறக்க முடியாத டப்பாவில் எவ்வளவு நல்ல பண்டம் இருந்தும் பயனில்லை.

அந்தச் சம்புடத்தில் நிலக்கடலை, பொட்டுக்கடலை, பாப்கார்ன் ஆகியவற்றை வைக்கக் கூடாது. முழுத் திராட்சை வந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். வட்டமாக நறுக்கினாலும் ஏற்பதில்லை. நீளவாக்கில் நான்காக நறுக்க வேண்டும், ஏனெனில் உருண்டையான துண்டுதான் சிறு குழந்தையின் மூச்சுக்குழாயை அடைக்கும். இதே காரணத்துக்காகக் கொலுசும் ஊக்கும் கூடாது. கொலுசைக் கழற்றச் சொன்னபோது என் மாமியார் மிகவும் வருந்தினார். பாய் மடிக்கையில் கிடைத்த சலங்கை முத்து ஒன்றை ஆயாம்மா உள்ளங்கையில் வைத்துக் காட்டிய பிறகு, அவரே கழற்றி வைத்துவிட்டார்.

மருந்து பற்றிய விதி எனக்கு மிகுந்த நிம்மதி தந்தது. மருத்துவரின் சீட்டும், அளவையும் நேரத்தையும் குறித்துக் கையெழுத்திட்ட தாளும் இல்லாமல் எந்த மருந்தையும் அவர்கள் கொடுப்பதில்லை. காய்ச்சலுக்கான பாராசிட்டமால் சிரப், 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ளது, 250 மில்லிகிராம் உள்ளது என இரு விதமாகக் கடைகளில் கிடைக்கிறது. "ஒரு மூடி கொடுங்கள்" என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால், குழந்தைக்கு இரு மடங்கு மருந்து போய்விடக்கூடும். பாட்டிலையே பெட்டியோடு அனுப்பச் சொல்வது இதனால்தான்.

மற்றவை எளியவை: நான்கு டயப்பர், தண்ணீர் பாட்டில், இடுப்பில் எலாஸ்டிக் வைத்த மாற்றுடை மூன்று செட். மேலாடை, கால்சட்டை, ஜட்டி மூன்றையும் ஒரே கவரில் சுற்றி வைத்தால், அவசரத்தில் ஆயாம்மா தேட வேண்டியதில்லை. பேனாவால் எழுதிய பெயர் நாலு துவைப்பில் போய்விட்டதால், கழுத்துப் பட்டையின் உட்புறம் சிவப்பு நூலால் முதலெழுத்தைத் தைத்திருக்கிறேன். மதியத் தூக்கத்துக்கு, என் பழைய பருத்திப் புடவையில் கிழித்த ஒரு துண்டைக் கொடுத்தனுப்புகிறேன். முதல் வாரம் முழுவதும் அழுது தூங்காதவள், துவைக்காத அந்தத் துண்டு போன நாளன்று ஒன்றரை மணி நேரம் தூங்கினாள்.

குறை ஒன்று உண்டு. ஈரமான துணியை டிபன் டப்பாவோடு சேர்த்துச் சுருட்டி அனுப்பிவிடுகிறார்கள். இருமுறை சொன்ன பின் ஈரத்துணிக்கென்று கொக்கி மாட்டினார்கள். ஆனாலும் ஆயாம்மா விடுப்பில் இருக்கும் நாட்களில் பழையபடியே வருகிறது. எனவே டப்பாக்களுக்குத் தனித் துணிப்பை தைத்து, ஈரத்துணிக்கு ஒரு காலிக் கவரையும் தினமும் பையின் மேலேயே வைத்துவிடுகிறேன். மாதம் 7,000 ரூபாய் வாங்குகிற இடத்தில் இதையும் அவர்களே கவனித்துச் சரிசெய்ய வேண்டும் என்று கடந்த வாரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.